ஊர் விட்டு ஊர் போன ரகரம்

லண்டன் குழந்தையை ஆங்கில அகரவரிசை ஒப்பிக்கச் சொன்னால், 'க்யூ' முடிந்ததும் 'ஆ' என்று சொல்லிவிட்டு 'எஸ்'ஸுக்குப் போய்விடும். நாம் 'ஆர்' என்று நாக்கை மடக்கி அழுத்திச் சொல்கிற எழுத்துதான் அது. சொந்த ஊரில் தன் பெயரிலிருந்தே தன் ஒலியைத் தொலைத்துவிட்டு நிற்கிறது.

பேச்சில் மெய்களை விழுங்குவது ஆங்கிலத்துக்குப் பழைய பழக்கம். போர்வீரனைக் குறிக்கும் 'நைட்', முழங்காலைக் குறிக்கும் 'நீ' ஆகிய சொற்களின் தலையில் ஒருகாலத்தில் ககரம் ஒலித்தது. எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' வகரத்தோடு தொடங்கியது. எழுத்தில் அவை இன்றும் உட்கார்ந்திருக்கின்றன, வாயில் இல்லை. ஆனால் அவை போனது சண்டை சச்சரவு இல்லாத போக்கு. அநேகமாக எல்லாரும் விட்டார்கள், விஷயம் முடிந்தது. ரகரத்தின் கதை அப்படியில்லை. அது சில ஊர்களில் போயிற்று, சில ஊர்களில் நின்றது. கடல் தாண்டிப் போய் அங்கேயும் தொலைந்தது, பிறகு திரும்பி வந்தது. அதை விட்டவனைக் கீழானவன் என்றும், மேலானவன் என்றும், மறுபடி கீழானவன் என்றும் மாறி மாறிச் சொன்னார்கள். இத்தனைக்கும் விட்டது ஒரே ஒலிதான்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் ரகரம் சொல்லின் முதலிலும் நடுவிலும் கடையிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கு நாய் எழுத்து என்றொரு பட்டப்பெயரும் உண்டு. லத்தீன்காரர்கள் வைத்த பெயர். உறுமும் நாயின் 'ர்ர்ர்' என்ற சத்தத்தை வைத்து ரோமானியக் கவிஞர் பெர்சியஸ் அதைச் சொல்லியிருக்கிறார். 'ரோமியோ ஜூலியட்'டில் வரும் செவிலித்தாய்கூட அதை வைத்து ஒரு வேடிக்கை பேசுகிறாள். ஷேக்ஸ்பியரின் நண்பரும் நாடகாசிரியருமான பென் ஜான்சன் ஆங்கில இலக்கணம் ஒன்று எழுதினார். அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 1640இல் அச்சானது. நாய் எழுத்து என்ற பேச்சு அதிலும் வருகிறது. அதோடு, ரகரம் சொல்லின் தொடக்கத்தில் உறுதியாகவும், நடுவிலும் கடைசியிலும் நெகிழ்வாகவும் ஒலிக்கிறது என்று குறித்திருக்கிறார். அந்த நெகிழ்வில்தான் பயணம் தொடங்குகிறது.

நாம் 'கார்' என்னும்போது நாக்கு நுனி மேலண்ணத்தின் முன்மேட்டை ஒரு தட்டு தட்டித் திரும்புகிறது. தட்டாமல் கிட்டே போய் நின்றால் வேறு ஒலி, கொஞ்சம் குழைந்த ரகரம். கிட்டேயும் போகாமல் பாதியில் தங்கிவிட்டால் மிஞ்சுவது உயிரொலியின் நீட்சி மட்டும். ஒவ்வொரு படியும் சின்னது. அப்பா தட்டியதை மகன் தடவினான், பேரன் அதையும் விட்டான். மூவரும் ஒரே சொல்லைச் சொல்வதாகத்தான் நினைத்தார்கள்.

ரகரம் இரண்டு தவணையில் போயிற்று. முதல் தவணையில் சகரம் போன்ற சில ஒலிகளுக்கு முன்னால் சுவடில்லாமல் போனது. 'பாஸ்' என்று ஒரு மீன். பழைய ஆங்கிலத்தில் அதன் பெயருக்குள் ரகரம் இருந்தது. இப்போது எழுத்திலும் இல்லை. சாபத்தைக் குறிக்கும் 'கர்ஸ்' கொச்சையில் 'கஸ்' ஆனதும், வெடிப்பதைக் குறிக்கும் 'பர்ஸ்ட்' 'பஸ்ட்' ஆனதும் இந்தக் கணக்கில் வரும். காதால் கேட்டபடியே எழுதிவைத்த பழைய கடிதக்காரர்களின் எழுத்துப் பிழைகள்தான் இதற்கெல்லாம் சாட்சி. பள்ளிக்கூடத்து வாத்தியார் சிவப்பு மையால் சுழிக்கிற பிழை, மொழி ஆராய்கிறவனுக்குக் கல்வெட்டு.

இரண்டாம் தவணைதான் பெரியது. 1740இல் மேதர் ஃபிளின்ட் என்பவர், ஆங்கில உச்சரிப்பு படிக்க விரும்பும் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஒரு கையேடு போட்டார். இன்னொரு மெய்க்கு முன்னால் வரும் ரகரம் மிகவும் மெலிந்துவிட்டது, அநேகமாக ஊமை, அதற்கு முந்திய உயிர் மட்டும் கொஞ்சம் நீள்கிறது என்று அதில் இருக்கிறது. அந்நியனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும்போதுதான் நம் வாய் என்ன செய்கிறது என்று நமக்கே தெரியவரும் போல.

1791இல் ஜான் வாக்கர் வந்தார். லண்டன் மேடைகளில் நடித்துவிட்டு அகராதி செய்யப் போனவர். அவருடைய உச்சரிப்பு அகராதி அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களில் வேதம் மாதிரி புழங்கியது. கவிபாடுகிறவரைக் குறிக்கும் 'பார்ட்' லண்டனில் 'பாட்' என்றும், 'கார்ட்' 'காட்' என்றும் கேட்கிறது என்று அவர் எழுதினார். கூடவே, அயர்லாந்துக்காரர்கள் ரகரத்தைக் கரடுமுரடாகச் சொல்கிறார்கள், இங்கிலாந்தின் ரகரம் மிருதுவானது என்றும் ஒரு கோடு கிழித்தார். சொல் முதலில் மட்டும் அழுத்திச் சொல்லலாமாம். என் கணிப்பில், ரகரத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்த வரி இதுதான். கரடுமுரடு அயல்காரனுடையது, மிருது நம்முடையது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் யார்தான் தட்டிப் பேசுவார்கள்?

ஆனாலும் கௌரவம் உடனே கிடைத்துவிடவில்லை. லண்டனில் வாடகைக் குதிரை லாயம் பார்த்துக்கொண்டவரின் மகன் ஜான் கீட்ஸ். முட்களைக் குறிக்கும் 'தார்ன்ஸ்' என்ற சொல்லுக்கு, மான்குட்டிகளைக் குறிக்கும் 'ஃபான்ஸ்' என்ற சொல்லை இயைபாக வைத்தார். லண்டன் காதுக்கு இரண்டும் ஒன்றே. எடின்பரோவிலிருந்து வந்துகொண்டிருந்த 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகை 1818இல் அவரைக் 'காக்னி கவிராயர்' கூட்டத்தில் சேர்த்துக் கிழித்தது. லண்டன் கீழ்த்தட்டு வாசனை அடிக்கிறது என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்துக்காரனுக்கு ரகரம் உயிர்நாடி, அவன் காது பொறுக்குமா? கீட்ஸ் இறந்து அறுபது வருஷம் ஆகப்போகும் 1880இல்கூட, ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் ஒரு கடிதத்தில் அந்த மாதிரி இயைபுகளை மன்னிக்க முடியாது என்று கடிந்துகொண்டிருக்கிறார்.

ஹாப்கின்ஸ் கடிந்துகொண்டிருந்த காலத்திலேயே பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிகளில் ரகரம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. 1917இல் டேனியல் ஜோன்ஸ் தன் உச்சரிப்பு அகராதியை அந்தப் பள்ளிக்கூடத்துப் பேச்சை வைத்தே செய்தார். 1922இல் பிபிசி வந்தது. நான்கு வருஷம் கழித்து, எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று ஆலோசனை கூற அது ஒரு குழு அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைவர், பெர்னார்ட் ஷா ஓர் உறுப்பினர், டேனியல் ஜோன்ஸும் உண்டு. காக்னி வாசனை என்று ஏசப்பட்டது, வானொலியில் ராஜாங்கக் குரலாக உலகம் முழுக்கக் கேட்டது.

போன ரகரம் சும்மா போகவில்லை. தான் இருந்த இடத்தில் உயிரை நீட்டிவிட்டுப் போயிற்று. அதனால் குழம்பைப் போல ஊற்றிக்கொள்ளும் 'சாஸ்', ஊற்றுக்கண்ணைக் குறிக்கும் 'சோர்ஸ்' இரண்டும் லண்டனில் ஒரே ஒலி. தயங்கும்போது ஆங்கிலேயர் 'அ...' என்று இழுப்பதைக் கதைப் புத்தகங்களில் 'இ', 'ஆர்' என இரண்டு எழுத்துகளால் எழுதுவது வழக்கம். அமெரிக்க வாசகன் அதைப் பார்த்து 'எர்' என்று ரகரத்தோடு படிக்கிறான். அப்படி யாரும் தயங்கியதே கிடையாது. 1926இல் ஏ. ஏ. மில்ன் எழுதிய 'வின்னி த பூ'வில் சோகமே உருவான ஒரு கழுதை வருகிறது. அதன் பெயரை அமெரிக்கக் குழந்தைகள் 'ஈயோர்' என்கின்றன. மில்னின் வாயில் அது 'ஈயா', கழுதை கத்துகிற சத்தம், அவ்வளவுதான். ஒலிக்காத ரகரத்தை எழுதித் தொலைத்ததால் ஒரு கழுதையின் கத்தல் பாதி உலகத்துக்குப் புரியாமல் போனது.

இதைவிடச் சுவையான சங்கதி, ரகரம் தான் இல்லாத இடத்தில் போய் முளைத்தது. 'கார்' தனியாக வந்தால் லண்டனில் 'கா'. பின்னால் ஓர் உயிர் வந்தால் ரகரம் எழுந்து வந்துவிடும், 'கார் இஸ்' என்பது 'காரிஸ்' ஆகும். இதையே பார்த்துப் பழகிய வாய், ஆகாரத்திலும் அது போன்ற ஒலிகளிலும் முடிகிற எல்லாச் சொல்லுக்கும் அதே வேலையைச் செய்யத் தொடங்கியது. சட்டம் ஒழுங்கைக் குறிக்கும் 'லா அண்ட் ஆர்டர்' என்ற தொடர் 'லாரண்டாடா' ஆயிற்று. லாரா நார்டர் என்று யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆங்கிலேயர்களே இதை வைத்துக் கேலி செய்துகொள்வார்கள். 1762இலேயே தாமஸ் ஷெரிடன் என்ற அயர்லாந்துக்காரர், லண்டன்காரர்கள் பெலிண்டாவைப் 'பெலிண்டர்' ஆக்குகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

நன்னூல் படித்தவர்களுக்கு இதில் அலுப்பதற்கு ஒன்றும் இல்லை. இது உடம்படுமெய். இரண்டு உயிர் முட்டிக்கொள்ளும்போது இடையில் ஒரு மெய் வந்து இணக்கி வைக்கிறது. நமக்கு இ, ஈ, ஐக்குப் பின்னால் யகரம், மணியடித்தது என்கிறோம். மற்ற உயிர்களுக்குப் பெரும்பாலும் வகரம், பூவழகு என்கிறோம். ஆங்கிலத்திலும் 'சீ இட்' என்பதில் மெல்லிய யகரமும் 'டூ இட்' என்பதில் மெல்லிய வகரமும் தானாகவே வருகின்றன. ஆகாரத்துக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. ரகரம் வேலையிழந்து நின்ற நேரம், அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. இலக்கண வாத்தியார்கள் இதைப் பிழை என்று இருநூற்றைம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பவணந்தி முனிவர் லண்டனில் பிறந்திருந்தால் ஒரு சூத்திரம் கூட்டியிருப்பார்.

இனி அட்லாண்டிக் கடல். ஆங்கிலேயர்கள் முதலில் குடியேறியபோது ரகரத்தோடுதான் போனார்கள். ஆனால் பாஸ்டன், நியூயார்க், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன், சவன்னா போன்ற கிழக்குக் கரைப் பட்டணங்கள் லண்டனோடு கப்பலும் வியாபாரமுமாக ஒட்டிக்கொண்டிருந்தவை. அங்கும் ரகரம் மெலிந்து மறைந்தது. லண்டனைப் பார்த்துப் போட்டுக்கொண்ட கோலமா, கிழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் பேச்சில் முன்பே இருந்த விதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கலந்தே இருந்திருக்கும். ஃபிலடெல்ஃபியா மட்டும் விதிவிலக்கு. 18ஆம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகம் வழியாக அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து ஸ்காட்லாந்து வம்சாவளிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். நாக்கில் ரகரத்தை வைத்துக்கொண்டே அப்பலேச்சிய மலைப்பக்கம் போனார்கள், அங்கிருந்து மேற்கே பரவினார்கள். கரையில் 'கா', உள்நாட்டில் 'கார்' என்று அமெரிக்கா இரண்டாகப் பிரிந்தது.

கரையோரத்துக்கு அப்போது மவுசு. 1933இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்று ஆற்றிய உரையின் ஒலிப்பதிவு இருக்கிறது. அச்சத்தைக் குறிக்கும் 'ஃபியர்' என்ற சொல்லை அவர் 'ஃபியா' என்கிறார். பரம்பரைப் பணக்காரரின் பேச்சு அது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் காற்று திசை மாறியது. உலகத்தின் தலைமை லண்டனிலிருந்து நழுவிவிட்டது. உள்நாட்டு அமெரிக்காவின் ரகரம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பொதுக்குரலாயிற்று. நியூயார்க் பெருந்தெருக்களில் ரகரம் இல்லாமல் பேசுகிறவன் இப்போது படிக்காதவன். பாஸ்டனிலிருந்து வந்த ஜான் கென்னடி ரகரத்தை விழுங்கியது மட்டுமின்றி, கியூபாவைக் 'கியூபர்' என்றும் சொல்வார். 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடியால் உலகமே நடுங்கியது. அடுத்த மாதம், அவர் பேச்சைப் பகடி செய்து வான் மீடர் என்ற நகைச்சுவைக் கலைஞர் வெளியிட்ட இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது.

அதே நவம்பரில், அதே நியூயார்க்கில், வில்லியம் லெபாவ் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் பல்பொருள் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கு வயது மாணவர். அதற்குமுன் மை தயாரிப்பில் வேதியியலாளராக வேலை பார்த்தவர். கடைப் பேச்சை ஆய்வுக்கூடமாக மாற்றும் யோசனை அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் வரும். அவர் எடுத்துக்கொண்டவை மூன்று கடைகள். ஐந்தாம் நிழற்சாலையில் சீமான்கள் வாங்கும் சாக்ஸ், நடுத்தர மேசிஸ், மலிவு விலைக்குப் பேர்போன எஸ். க்ளைன். ஒவ்வொரு கடையிலும் நான்காம் மாடியில் என்ன விற்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்வார். பிறகு விற்பனையாளரிடம் போய், பெண்கள் காலணி எங்கே என்பதுபோல அப்பாவியாகக் கேட்பார். பதில் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்றுதான் வந்தாக வேண்டும். நடுவில் ஒரு ரகரம், கடைசியில் ஒரு ரகரம். காதில் விழாதவர் மாதிரி குனிந்து இன்னொரு முறை சொல்ல வைப்பார். இரண்டாம் தடவை மனிதர்கள் கவனமாகச் சொல்வார்கள் அல்லவா? நன்றி சொல்லிவிட்டு, கண்ணில் படாத மூலைக்குப் போய்க் குறித்துக்கொள்வார்.

இப்படி 264 பேர். ஒலிப்பதிவுக் கருவி இல்லை, வினாத்தாள் இல்லை, பேட்டி கொடுக்கிறோம் என்ற உணர்வும் அவர்களுக்கு இல்லை. சாக்ஸில் 62 சதவீதம் பேர் ரகரத்தை முழுதாகவோ அங்கங்கேயோ ஒலித்தார்கள். மேசிஸில் 51. க்ளைனில் ஏறத்தாழ 20. கடையின் விலைப்பட்டியலும் ரகரமும் ஒன்றாக ஏறி இறங்கின. இதில் இன்னொரு நுணுக்கம், மறுபடி சொல்லச் சொன்னபோது மேசிஸ்காரர்களிடம் ரகரம் சட்டென்று கூடியது. சீமான்களிடம் விற்கிறவனுக்கு அது ஏற்கெனவே பழக்கம், மலிவுக் கடைக்காரனுக்கு அக்கறையில்லை, நடுவில் நிற்கிறவனுக்குத்தான் எது உயர்வு என்ற பதற்றம். நடுத்தர வர்க்கத்தைப் பற்றி நாவலாசிரியர்கள் நானூறு பக்கத்தில் சொல்வதை இந்த மனிதர் இரண்டு சொல்லில் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். 1966இல் இது புத்தகமாக வந்தபின் சமூக மொழியியல் என்ற துறைக்கே முகம் கிடைத்தது. சோம்பேறித்தனத்தால்தான் மெய்கள் விழுகின்றன என்று சொல்கிறவர்களிடம் நான் எடுத்து நீட்டுவது இந்தக் கடைக் கணக்கைத்தான். சோம்பலுக்கு விலைப்பட்டியல் தெரியாது.

ரகரத்தை விட்டு வாழும் அமெரிக்கர்கள் இன்றும் உண்டு. கறுப்பினத்தவர் பேச்சில் அது தெற்கத்திப் பண்ணைகளின் காலத்திலிருந்து இல்லாமலே வந்தது. ராப் பாட்டுக்காரர்கள் அதை எழுத்திலும் கொண்டுவந்துவிட்டார்கள். 'கேங்ஸ்டர்' என்பதன் கடைசி ரகரத்தை வெட்டிக் 'கேங்ஸ்டா' என்று அச்சிலேயே போடுகிறார்கள். வாக்கரின் லண்டனில் எழுத்து பிடிவாதமாக நின்றது, பேச்சு நகர்ந்தது. இங்கே எழுத்தும் சேர்ந்து நகர்ந்தது.

இங்கிலாந்திலேயே போகாமல் நின்ற ரகரமும் உண்டு. தென்மேற்கு மாவட்டங்களில், டார்செட், டெவன், கார்ன்வால் பக்கம், குழைந்த கனத்த ரகரம். 1950இல் வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தில் கடற்கொள்ளைக்காரனாக நடித்த ராபர்ட் நியூட்டன் டார்செட்டில் பிறந்தவர். தன் ஊர்ப் பேச்சையே கூட்டிப் பேசினார். அன்றிலிருந்து உலகத்துக் கொள்ளைக்காரன் எல்லாம் 'ஆர்ர்ர்' என்றுதான் உறுமியாக வேண்டும் என்றாகிவிட்டது. நாய் எழுத்து கொள்ளைக்காரன் எழுத்தானது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ரகரம் பெரும்பாலும் அசையவேயில்லை. ஆஸ்திரேலியாவுக்கு 1788இல் கைதிக் கப்பல்கள் போயின. அங்கு உருவான பேச்சில் ரகரம் இல்லை. நியூசிலாந்தும் அப்படியே, தென்கோடியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய சவுத்லேண்ட் மட்டும் நாக்கை மடக்குகிறது.

கீழ்த்திசைக்கு ரகரம் வந்த விதம் வேறு. ஜப்பானியர்கள் ரகரம் இல்லாத உச்சரிப்பை ஒட்டி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கார் 'கா', கம்ப்யூட்டர் 'கொன்ப்யூதா'. நாம் பெரும்பாலும் கண்ணால் படித்து எடுத்துக்கொண்டோம். எழுதியிருக்கிறது, ஆகவே ஒலிக்க வேண்டும். கார், டாக்டர், கலெக்டர், மோட்டார், எதிலும் நாம் ரகரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சென்னையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பாதிரிமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர். மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லர் அந்த நாட்டவர்தான். அவர்கள் வாயிலும் ரகரம் இருந்ததால் நம்மைத் திருத்தியிருக்க மாட்டார்கள். இதில் ஒரு விநோதம், நம் பழைய இலக்கணப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, அதனால்தான் இராமன், உரோமம். லண்டனிலோ அது முதலில் மட்டும் தைரியமாக நிற்கும், கடைசியில் நிற்காது.

கண்ணால் படிக்கிற பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. கொரியாவில் 'பாக்' என்றொரு குடும்பப் பெயர். ஆகாரமாக ஒலிக்க வேண்டும் என்று காட்ட, ரகரம் ஒலிக்காத ஆங்கில வழக்கப்படி நடுவில் ஓர் ஆர் போட்டு எழுதினார்கள். நாம் பார்க் சுங் ஹீ என்று படித்தோம், பூங்காவோடு குழப்பிக்கொண்டோம். சிங்கப்பூர் அங்காடியில் வறுத்த நூடுல்ஸ் வாங்கும் நம்மவர்கள் 'சார் குவே தியாவ்' என்று கேட்கிறார்கள். ஹொக்கியன் மொழியில் அது 'ச்சா', வறுத்தது. அங்கேயும் அதே ஊமை ரகரம்தான் புகுந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் விஞ்சியது 1989. பர்மாவின் ராணுவ அரசு ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றி எழுத உத்தரவிட்டது. பர்மிய மொழியில் பழைய ரகரம் எப்போதோ யகரமாகிவிட்டது, அரக்கான் பக்கத்துப் பேச்சில் மட்டும் நிற்கிறது. அதனால் ரங்கூன் யாங்கோன் ஆயிற்று. செட்டியார்கள் கடை வைத்த, தமிழர்கள் கூலிக்குக் கப்பலேறிய ரங்கூனின் தலையிலிருந்த ரகரம் போயிற்று. அதே ஆண்டு, நாட்டின் பெயர் 'மியன்மா' என்பதை எழுதும்போது கடைசி ஆகாரத்தின் நீளத்தைக் காட்ட ஓர் ஆர் சேர்த்தார்கள். லண்டன்காரன் படித்தால் சரியாக ஒலிக்கும், ரகரம் வராது. யாங்கோன்காரன் வாயிலும் வராது. நம் செய்தித்தாள்கள் அதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து மியான்மர் என்று அச்சிட்டன, செய்தி வாசிப்பவர்கள் நாக்கு நுனியால் தட்டி ஒலிக்கிறார்கள். வேற்றுமை உருபு சேர்க்கும்போதும் சிக்கல் வரவில்லை. 'பர்மாவில்' என்றபோது நடுவே நின்று வகரம் பார்த்த வேலையை, 'மியான்மரில்' என்கையில் ரகரம் பார்த்துக்கொள்கிறது.